கோரம்

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலம் வந்து சேர்கையில்
காது அடைத்துவிடும் எனக்கு.
அதனால் முதல் தடவை
டவாலி சொன்னது விளங்கவில்லை.
"கோரம் இல்லம்மா."
கோரம் இல்லாட்டி நல்லதுதானே என்றேன்.
உறுப்பினர் நாற்காலி காலியாம்.
வாய்தா.

ஒண்டிக்கடையில் ஜூஸ் போடுகிறவளுக்கு
பிரிட்ஜ்தான் பாதி வியாபாரம்.
வாங்கிய பதினோராம் நாள்
ஒருமுறை விக்கி அடங்கிப்போனது.
இரண்டு கூடைக் கொய்யா அழுகியதற்கு
ரசீது உண்டா என்று கேட்டார் எதிர் வக்கீல்.

கடை மேலாளர் இளவழகன்
மூன்றாம் வாய்தாவில் முறைத்தார்.
ஏழாவதில் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.
பன்னிரண்டாவதில்,
வேலையை விட்டு நின்னுட்டேன்,
சாட்சிக்கு மட்டும் கூப்பிடுறாங்க என்றார்.
அவருக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

மலை ஈரத்தில் காகிதம் நமத்துவிடும்,
எலி வேறு.
வழக்குக் கட்டை
செத்த பிரிட்ஜுக்குள்தான் வைத்திருக்கிறேன்.
கதவின் ரப்பர் மட்டும் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.
மேல்தட்டில் மனு, நகல்கள்.
காய்கறிப் பெட்டி நிறைய
ஏற்காடு - சேலம் பஸ் டிக்கெட்.

கடனில் எடுத்த இரண்டாவது பிரிட்ஜுக்கு
போன வாரம் கேரண்டி முடிந்தது.

இன்று கோரம் இருந்தது.
"பிலோமினா! பிலோமினா!"
ஓடிப்போய் நின்றேன்.
அந்தப் பிரிட்ஜ் இப்போது
உபயோகத்தில் இருக்கிறதா என்று
புது உறுப்பினர் கேட்டார்.
இருக்குதுங்க என்று
வாயில் வந்துவிட்டது.

எதிர் வக்கீல்
மளமளவென்று எழுதிக்கொண்டார்.