நாலுக்கு ஒன்று

ஈஜோக் கடைத்தெருவில், ஆ ஹெங்கிடம்
நூற்றெண்பது வெள்ளிக்கு வாங்கிய பழைய பேஸ் ஆம்ப்.
கூடவே, சும்மா வைத்துக்கொள் என்று தந்த
நீல நிறக் கம்ப்ரஸர் பெடல்.
ஐந்து திருகுகள், ஒரு சுவிட்ச்.
விளக்கத்தாளில் பாதி ஆங்கிலம், மீதி எண்ணெய்க் கறை.

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
லோரிக்கும் லோரிக்கும் நடுவே
பில் புத்தகத்தின் பின்னட்டையில்
சொல் சொல்லாகத் தமிழில் எழுதிவைத்தேன்.

திரெஷோல்ட் என்றால் நிலைப்படி என்றது அகராதி.
அதுவரை சத்தம் தன்னிஷ்டம்போல் வரலாம்,
தாண்டினால் பெடல் கையைப் பிடிக்கும்.
அட்டாக்: சண்டையில்லை,
எவ்வளவு சுருக்காகப் பிடிக்கிறது என்பது.
ரேஷியோவில்தான் மூன்று நாள் நின்றேன்.
நாலுக்கு ஒன்று.
மூன்றாம் டிவிஷன் சம்பளப் பேச்சு
நினைவுக்கு வந்ததும் விளங்கிவிட்டது:
நாலு வெள்ளி ஏற்றிக் கேட்டால்
ஒரு வெள்ளி ஏறும்.

நீ என்றும் ஒரு சொல்.
முழங்கால்; படியருகே சத்தம் மடங்கும் வளைவு.
ஹார்ட் நீ, சாஃப்ட் நீ என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்து
"யாரு இந்த நீ?" என்றான்
எடைச்சீட்டுக்குக் காத்திருந்த லோரி குகபாலன்.
நான் சொல்லவில்லை.
இரண்டும் அவனுக்குப் பொருந்தும்.

மேக்கப் கெயினை அரைகுறையாக விட்டேன்.
அமுக்கியதில் குறைந்ததை
மொத்தமாக ஏற்றிக்கொடுப்பது என்று எழுதி
பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் முகம் ஒன்று கிறுக்கினேன்.

வீட்டு மனைக் கூட்டத்தன்று
பாலர் பள்ளி மண்டபத்து ஸ்பீக்கர் செத்துப்போனது.
குகபாலனின் லோரியில் ஏற்றிப் போனோம் என் ஆம்ப்பை.
பூங்காவனம் அக்கா பேச எழுந்தால்
சிவப்பு விளக்கு எரியும்,
அலையின் தலை வெட்டுப்படும்; கிளிப்பிங்.
அதனால் படியைத் தாழ்த்தினேன்.
நாலுக்கு ஒன்றை எட்டுக்கு ஒன்றாக்கினேன்.
மேக்கப் கெயினைக் கடைசிவரை திருகினேன்.

அக்கா கத்தினாள்.
முப்பது வருடம் பால்மரம் சீவியவளின் கத்தல்
வானொலிச் செய்திபோல் வழவழவென்று வந்தது.
எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது
பெடல் மெல்லக் கையை விட்டது.
அடியில் கிடந்ததெல்லாம் எழுந்து வந்தது:
காற்றாடியின் கரகரப்பு,
ஒரு குழந்தையின் விக்கல்,
பிறகு, மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில்
தலைவர் வீரமோகன் செயலாளரின் காதில் சொன்னது,
அக்காவின் கத்தல் இருந்த அதே உயரத்தில்:
"கையெழுத்துப் போட்டாச்சுப்பா. மூலை வீடு எனக்கு."

ரிலீஸை நான் இன்னும் எழுதவில்லை,
பின்னட்டையில் இடமில்லை.
பிடித்ததை விட எவ்வளவு நேரம் என்பது.
அதிகபட்சம் ஒரு வினாடி என்கிறது தாள்.
மண்டபத்தில் அதற்கு மேலேயே போனது.
என் விரல் திருகின் மேல் அப்படியே இருந்தது.

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள்.
மைக்கைத் தள்ளிவிட்டு
ஆரம்பித்தாள்.