இரண்டு கோடியே இருபத்தைந்து லட்சம்

இரவுப்பணி முடிந்து வர ஏழரை.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
மேசைவிளக்கைப் போட்டேன்.
தூங்கி எழுந்து செய்யேன் என்றாள் யகோதா.
தூங்கியிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

கிதின்யாவில் பிப்ரவரி.
ஜன்னலுக்குக் கீழே திருப்பத்தில்
உறைந்த கம்பியை உரசி உரசி
டிராலிபஸ் நீலப்பொறி உதிர்க்கிறது.

சீட்டுக்கட்டு அளவில் கறுப்புப் பெட்டி,
ஒருபுறம் யுஎஸ்பி, மறுபுறம் பாட்டு.
நாலு திருகு. உள்ளே பச்சைப் பலகையில்
அரிசியைவிடக் கொஞ்சம் அகலமாய்
ஒரு வெள்ளித் தகடு.
நொடிக்கு
இரண்டு கோடியே
இருபத்தைந்து லட்சத்து
எழுபத்தொன்பதாயிரத்து இருநூறு தடவை
'இப்போது' என்று சொல்வதே அதன் பிழைப்பு.
மலிவுச் சரக்கு.
சில இப்போதுகள் முந்திக்கொள்கின்றனவாம்
சில பிந்துகின்றனவாம்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
அளக்கும் கருவி இந்த வீட்டைவிட விலை.

புதியதன் விலை ஒரு ஜோடிப் பனிக்காலணி.
என் காலணி இந்த வருடமும் ஒழுகும்.

கீழ்வீட்டு ஸ்வாவெக் கைப்பேசி பழுதுபார்ப்பவன்.
சூடுகாற்றுத் துப்பாக்கியை இரவல் தந்து
'புள்ளியைப் பார்' என்றான்,
கதவைச் சாத்திக்கொண்டான்.

ஈயம் மங்கி, பின் பளபளத்து, இளகிய நொடியில்
சாமணத்தால் பழையதைத் தூக்கினேன்.
தொப்புள்கொடி வெட்டும் கை.
நடுங்கவில்லை.
புள்ளியைப் பார்க்கத்தான் மறந்தது.

செருகினேன். சத்தமில்லை.
விரல் வைத்தேன், சுட்டது.
பிடுங்கிப் பார்த்தால் தலைகீழாய்க் கிடக்கிறது,
ஒன்பதாம் மாதத்திலும் திரும்பாத பிள்ளை மாதிரி.
திரும்பவும் சூடு, திரும்பவும் சாமணம்.
பிழைக்காது என்றே நினைத்தேன்.
பிழைத்துக்கொண்டது.

யகோதாவிடமும் அதே பெட்டி, திறக்காதது.
சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.
அவள் மாற்றி மாற்றிச் செருக
ஒரே செல்லோ, ஒரே முப்பது நொடி,
இது புதுசு, இது பழசு என்று சொல்லிக்கொண்டே போனேன்.
பத்துக்கு ஆறு.
காசைச் சுண்டினாலே ஐந்து வரும் என்றாள்.

அவளிடம் சொல்லவில்லை.
நேற்றிரவு நான்காம் அறையில்
வயிற்றில் கட்டிய பட்டையிலிருந்து
காகிதம் நீண்டு வந்தது
அளவுகோல் வைத்துக் கிழித்த கோடாய்.
நூற்று நாற்பது. நூற்று நாற்பது.
நாற்பது நிமிடம் நூற்று நாற்பது.
எங்களுக்கு அது பிடிக்காது.
நல்ல இதயம் கணக்குத் தவறும்,
முப்பத்தெட்டுக்கு இறங்கும், ஐம்பத்தொன்றுக்குத் தாவும்,
எதையோ கேட்டதுபோல் கொஞ்சம் தயங்கும்.
தாயை இடப்பக்கம் சாய்த்தோம்,
டாக்டரை எழுப்பினோம்.
மூன்று ஐம்பதுக்குக் கோடு
குழந்தை கிறுக்கியதுபோல் நெளியத் தொடங்கியது.
குழந்தை கிறுக்கியதுதானே.
தூங்கிக்கொண்டிருந்ததாம்.

பழைய கடிகாரத்தை எறியவில்லை.
பொத்தான் டப்பாவில் போட்டேன்,
இனி எடுக்கவே மாட்டேன் என்று தெரிந்தும்.

வித்தியாசம் தெரிகிறதா என்றான் ஸ்வாவெக்,
துப்பாக்கியை வாங்கிக்கொண்டே.
ரொம்ப, என்றேன்.

மாலைப் பணிக்குப் போகையில்
பெட்டி கோட்டுப் பையில், காதில் செல்லோ.
வில் கம்பியைத் தொடுமுன்
வாசிப்பவள் மூக்கால் இழுக்கும் சிறுமூச்சு.
முன்பும் இருந்திருக்கும்.
டிராலிபஸ் நாலு நிமிடம் பிந்தியது.
இடது காலணிக்குள்
ஈரம்.