எழுபத்து நான்கு புள்ளி பூஜ்யம் நான்கு

குட்டியானையிலிருந்து நாலு பேர் சேர்ந்து
என் பட்டறை வாசலில் இறக்கினார்கள்.
பின்னாலேயே மஞ்சக்குப்பம் பல் டாக்டர் தவநேசன்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
கார் வீட்டில் நிற்கிறதாம். எம்ஜி. இரண்டே சீட்டு.
நெல்லிக்குப்பம் ஆலையில் இருந்த ஒரு துரை
கப்பலேறுமுன் விற்றது.
கைமாறிக் கைமாறி
கடைசியாக ஒரு கோழிப்பண்ணையில் பதினெட்டு வருஷம்.
பானெட்டுக்குள் இருந்தது இது.

எண் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை.
பக்கத்தில் கிரைண்டர் ஓடிய தழும்பு.
"இது அதனோட எஞ்சின்தானாம்மா?"
அவர் நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவர்கள்
இப்படித்தான் கேட்பார்கள் போல.

அம்பாசிடரும் இந்த எம்ஜியும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் டாக்டர், என்றேன்.
ஒன்று சீமையில் கூரையில்லாமல் பறந்தது.
இன்னொன்று இங்கே
ஒன்பது பேரையும் சீர்வரிசைப் பாத்திரத்தையும்
விருத்தாசலம்வரை இழுத்தது.
உள்ளே அளவு ஒன்றுதான்:
குறுக்கே எழுபத்து மூன்று,
ஏறி இறங்க எண்பத்தொன்பது.

அவருக்கு இது பிடிக்கவில்லை.

ஹெட்டைக் கழற்றி வளையலைக் கழற்றி
வெர்னியரை விட்டேன்.
எழுபத்து நான்கு புள்ளி பூஜ்யம் நான்கு.
"அப்ப இது வேற!" முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.
பிஸ்டன் மண்டையில் கரியைச் சுரண்டினேன்.
நாற்பது என்று குத்தியிருந்தது.
தேய்ந்ததை யாரோ கடைந்து அகலமாக்கி
பருத்த பிஸ்டன் போட்டிருக்கிறார்.
நாற்பது தவ், அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.
அது தேயும்வரை ஓடிய ரோடெல்லாம்
எந்த ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது?

டாக்டர் விடவில்லை.
பையிலிருந்து நீல ஜெல் எடுத்துத் தழும்பில் தடவினார்.
பல்லுக்குப் பதினைந்து விநாடி.
இரும்புக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்தோம்,
அதற்குள் இரண்டு டீ.
ஒன்றின் நிமிர்ந்த கோடு தெரிந்தது,
அல்லது ஏழின் கால்.
அதற்குமேல் இரும்பு வாய் திறக்கவில்லை.

கடைவாய் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை
பிளாக்கின் முதுகுப்பக்கம் விட்டார்.
நான் டார்ச் பிடித்தேன்.
வார்ப்பில் புடைத்த ஒற்றை எழுத்து.
எச்.
அல்லது நடுப்பள்ளத்தைத் துரு தின்ற எம்.
இரண்டுமே கண்ணாடியில் திரும்பாத எழுத்துகள்.
மாறி மாறிக் குனிந்தோம்.
அவர் எம் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை,
வயிறு பிளாக்கில் இடித்தது, நிமிர்ந்துகொண்டேன்.

பிறகு வாட்டர் ஜாக்கெட்.
பக்கவாட்டு மூடியைத் தட்டி எடுத்ததும்
பொருபொருவென்று வெள்ளையாக உதிர்ந்தது.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
"ஐயோ, வாயில வைக்காதீங்க!"
உப்பு.
போர்வெல் உப்பு இல்லை, இது வேறு கரிப்பு.
முதுநகரில் பிறந்தவள் நாக்குக்கு இதுகூடவா தெரியாது?
இந்த எஞ்சின்
கொஞ்ச காலம் படகில் இருந்திருக்கிறது, டாக்டர்.
கடல் தண்ணீரைக் குடித்துக் குளிர்ந்திருக்கிறது.
ரேடியேட்டர் இல்லை, ரோடு இல்லை,
மண்ணெண்ணெய் கலந்து ஊற்றியிருப்பார்கள்,
இருமிக்கொண்டே வலைக்குப் போயிருக்கும்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.
தை மாதம் சென்னையில் கண்காட்சி.
எண் பார்ப்பார்கள், மார்க் குறைப்பார்கள்.
"ரெட்டைக் கார்பரேட்டர் பூட்டிடலாமா?"
பூட்டலாம்.
"பச்சை பெயின்ட்?"
அடிக்கலாம்.
"உப்பு விஷயம் மட்டும் யாருக்கும் வேண்டாம்."
சரி.

பில் எழுதினேன்.
நான்கு சிலிண்டர், பெட்ரோல்,
பிரித்தது, கழுவியது, அளந்தது.
கம்பெனி என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
கடலூர் என்று போட்டேன்.
படித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.
இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.