சரிவுப் பலகை

ஆடி இருபத்தொன்று. காலை ஆறரை.
மழைமானியில் நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்.
நேற்று தொண்ணூறு.
முந்தாநாள் கணக்கு இல்லை,
காற்று மானியையே கவிழ்த்துவிட்டிருந்தது.

மஞ்சப்பாறைச் சரிவில்
மூன்று சில்வர் ஓக் ஓடைப் பக்கம் சாய்ந்திருக்கின்றன.
போன வாரம் ஒன்றுதான்.
ஊற்றில் டீத்தண்ணி நிறம்.
தேயிலை வரிசைக்கு மேலே ஒரு விரிசல்,
என் செருப்பு பக்கவாட்டில் நுழைகிற அகலம்.

இவ்வளவும் எழுதப் பலகையில் இடமில்லை.
சாக்பீஸ் வேறு நமுத்துப்போயிருக்கிறது.
"மேல்பாதை இன்று வேண்டாம்."
பெயின்டிலேயே எழுதிவிடச் சொல்கிறார் ரேஞ்சர்.
மாட்டேன்.
தினமும் அழிக்காத எச்சரிக்கையை
யாரும் படிப்பதில்லை.

பட்டாளத்தில் எட்டுக் குளிர்காலம் பனியைத் தோண்டியவன் நான்.
இடுப்பளவு குழி.
சுவரை விரலால் தடவினால்
ஒவ்வொரு பொழிவும் தனித்தனியே தட்டுப்படும்.
கொட்டை நீக்கிய பஞ்சாக ஒன்று,
ஓட்டுச் சில்லாக ஒன்று,
அடியில், ஒன்றுமே இல்லை என்று தோன்றும் இடத்தில்,
ஜீனி மாதிரி ஒட்டாத ஒரு விரற்கடை.
அதன்மேல்தான் அத்தனை வெள்ளையும் உட்கார்ந்திருக்கும்.
வால்பாறையில் ஜீனிக்குப் பதில் வழுக்குக் களி.
மற்றபடி அதே உட்கார்வு.

அங்கே சிலசமயம் காலடியில் ஒரு சத்தம் வரும்,
லாரியிலிருந்து மஞ்சள் மூட்டை இறக்கினாற்போல்.
தொம்.
ஈரோட்டு மண்டியில் இன்றைக்கும் அதைக் கேட்டால்
கால் தானாக ஓரத்துக்குப் போகிறது.
பெண்டாட்டி சிரிப்பாள்.

எட்டு மணிக்கு நாலு பைக்.
பல்லடத்துப் பையன்கள், ஹெல்மெட்டில் கேமரா.
பூவேந்திரன் என்கிறவன் பலகையைப் படித்தான்.
"போன வாரமும் இதேதானுங்க எழுதியிருந்தீங்க.
போயிட்டு வந்தோமுங்க. ஒண்ணும் ஆகலீங்க."

எழுதியிருந்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.

விரிசலைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.
தடுக்கக் கட்டை இல்லை, என்னிடம் இருப்பது விசில்.

ரெண்டு மணிக்குத் திரும்பிவிட்டார்கள்,
முழங்கால்வரை சேறு, பல்லெல்லாம் சிரிப்பு.
ஒருத்தன் எனக்கும் சேர்த்து டீ சொன்னான்.
குடித்தேன். நல்ல டீ.

மலை கண்டிப்பான வாத்தியார் இல்லை.
தப்பாகப் போட்ட கணக்குக்கும்
'சரி' போட்டுக் கொடுத்துவிடும்,
ஒருதடவை, நாலு தடவை, ஒன்பது தடவை.
லாஹௌல்காரன் தாஷி எங்கள் குழுவிலேயே கெட்டிக்காரன்.
ஒன்பது தடவை குறுக்கே போய் வந்த சரிவு.
மே மாசம் கையுறை ஒன்று கிடைத்தது.

இதையும் சொல்லியிருக்கலாம், டீ ஆறுவதற்குள்.
பூவேந்திரன் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் மறுபடி ஏறினேன்.
மழை விடவில்லை.
நாலு டயர்த் தடமும் விரிசல்வரை நேராக வருகின்றன.
அப்புறம் அந்தப் பக்கம்
ஒரு சாண் கீழே இறங்கித்
தொடர்கின்றன.