ஐம்பத்தைந்து கிலோமீற்றர்

உவர்மலையில், என் கூரைத் தண்ணீர்த்தாங்கியில் கட்டிய கம்பியிலிருந்து
கிளம்புகிற குரல்
இரவானால் புல்மோட்டையைத் தாண்டிக் குதித்துவிடும்.
கோழிக்கோடு கேட்கும்.
மஸ்கட்டில் ஒருவன் இருமுவதுகூடக் கேட்கும்.
ஐம்பத்தைந்து கிலோமீற்றர் வடக்கே
ரமீஸ் தன் பெட்டிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான்.
அவன் தலைக்கு மேலால் போய்விடுவேன் நான்.

நாற்பது மீற்றரின் குணம் அது.
பக்கத்து வீட்டோடு பேச்சில்லை,
சீமையோடு சிரிப்பு.

அதற்காகத்தான் அந்த மேசை ரெலிபோன்.
நிலாவெளியில் மூடிப்போன ஒரு ஹொட்டலின் ஏலத்தில் எடுத்தது.
ரமீஸின் தம்பி ஜவ்பர்
பொலித்தீன் சுற்றி, மீன் பெட்டிக்குள் வைத்து,
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து தந்தான்.
முதல் பொத்தானில் இன்னும் ‘வரவேற்பு’ என்று ஒட்டியிருக்கிறது.
அதை அமத்தினால் ரமீஸ்.

நாலே இலக்கம். காசில்லை.
குரல் இணையத்துக்குள் இறங்கி
எந்த ஊரிலோ குளிரூட்டிய அறையொன்றில்
ஒரு கணினியைத் தொட்டுவிட்டுத்
திரும்பி வரும் புல்மோட்டைக்கு.
இரைச்சலே இல்லை.
முதல் நாள் இருவருக்கும் பேச்சு வரவில்லை.
பழக்கத்தில் ‘ஓவர்’ என்றேன்.
அவனும் ‘ஓவர்’ என்றான்.

போகப்போகப் பழகியது.
‘ஏழு புள்ளி பூச்சியம் ஐந்தில் ஒரு பிஜிக்காரன், ஓடு’ என்பான்.
ரெலிபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு
நான் குமிழைத் திருப்புவேன்.

‘காற்றில் போகாதது வானொலியா’ என்று
சங்கத்தில் பீரிஸ் ஐயா கேட்டார்.
நான் மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவள்.
கம்பியைப் பற்றி என்னிடம் இழிவாய்ப் பேசக் கூடாது என்றேன்.
தேத்தண்ணி ஆறியது.

கார்த்திகைப் புயலுக்கு
நகரத்து மான்கள் கடைத் தாழ்வாரங்களில் ஏறி நின்றன.
எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஒன்பதுக்குக் கோபுரம்.
‘வரவேற்பு’ வெளிச்சம் அணைந்தது.

பத்தரைக்குக் கதவைத் தட்டினான் ஜவ்பர்.
படகு சாம்பல்தீவில் மணலேறிவிட்டதாம்.
உள்ளங்கை இரண்டும் கயிறு தின்ற சிவப்பு.
என் மனுசனின் சாரத்தை உடுத்து,
பாணைச் சம்பலில் தொட்டபடி,
‘நானாவுக்குச் சொல்லணும்’ என்றான்,
மூன்று தரம்.

லொறி பற்றரி. றேடியோ.
கூப்பிட்டேன். இடிதான் பதில் சொன்னது.
பிறகு,
பல்லிடுக்கில் துணியைக் கடித்துப் பேசுவதுபோல ஒருவர்:
‘கேள்க்காம்... கேள்க்காம்...’

கோழிக்கோட்டுச் சுலோசனன்.
அவர் மேசையிலும் அதே சாதி ரெலிபோன் ஒன்று.
நாலு இலக்கத்தையும் ஒவ்வொன்றாய் இரண்டு தரம் கொடுத்தேன்.
மழைக்குள்ளும் நாய்களுக்குள்ளும் நின்று
இலக்கம் வாசித்துப் பழகிய வாய்.
பிழைக்கவில்லை.

வடக்கே கேபிள் அறவில்லை.
சுலோசனன் ரெலிபோனைத் தன் ஒலிபெருக்கியோடு சாய்த்துப் பிடித்தார்.
மேலே எறிந்த குரல் மலையாளக் கரையில் விழுந்து,
அங்கிருந்து கடலடியால் ஊர்ந்துவந்து
புல்மோட்டையில் மணியடித்தது.

‘ஜவ்பர் இஞ்ச இருக்கிறான். பாண் தின்கிறான். ஓவர்.’

இரண்டு வினாடி.
மூன்று.

வந்து சேர்ந்தது வெறும் மூச்சு.
சுலோசனன் அதற்கு ஒரு சொல்லும் சேர்க்காமல்
அப்படியே காற்றில் விட்டார்.
ஜவ்பர் மெல்லுவதை நிறுத்தினான்.
‘நானாதான்’ என்றான்.
‘அவருக்கு எப்பவும் மூக்கடைப்பு.’

விடிந்து கொப்பியை எடுத்தேன்.
நேரம். அலைவரிசை. சிக்னல் ஐந்து மூன்று.
‘முறை’ என்ற கட்டம் சின்னது.
எழுதி, வெட்டி, அதன்மேலேயே திரும்ப எழுதினேன்.
பீரிஸ் ஐயா பார்த்தால் கேட்பார்.

குறிப்புக்கு விட்ட இடத்தில்
‘பாண் ஒரு றாத்தல், சம்பல் காணாது’
என்று இருக்கிறது.