காரணம் என்ற கட்டம்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
விபத்துக்குக் காரணம்.
தீப்பெட்டி மூடி அளவு.
அதற்குள் ஒரு ஆள் அடங்குவான்,
அதுவும் பேரைச் சுருக்கினால்.

பத்தமடை தாண்டிக் கால்வாய் வளைவில்
பூதத்தானின் லோடு ஆட்டோ குடைசாய்ந்த அன்று
டேப்பும் கேமராவுமாகப் போனேன்.
ஓட்டுனவர் என்ன பண்ணினார் என்றேன்.
யாருக்கும் கேள்வி பிடிபடவில்லை.

"அவன் என்ன வே செய்வான்,
பாதி ரோட்ட அடைச்சு பிசான நெல்லு காயுது."
"காயப்போட்டவள சொல்லி என்ன,
களத்துலதான் செல்போன் கோபுரம் நட்டுட்டானுவளே."
"மூத்தவளுக்குத் தலைப்பிரசவம்லா.
ராத்திரி பூரா ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி வராந்தா,
பொட்டுக் கண்ணு மூடல."
டீக்கடை மைதீன் கல்லாவிலிருந்தே:
"மச்சினங்கூடப் பேச்சு இருந்திருந்தா
அன்னைக்கு வண்டிய அவன்லா எடுத்திருப்பான்."

மச்சினனோடு ஏன் பேச்சில்லை?
கோயில் கொடை, வரி பாக்கி, ஒரு கிடா.
அதையும் நின்று கேட்டேன், டீ வாங்கித் தந்தார்கள்.

பிறகு கட்டத்தில் எழுதினேன்:
ஓட்டுநரின் கவனக்குறைவு.
மும்பைக்கு அது போதும்.

பதினோரு நாள் கழித்து அதே வளைவு.
நெல் வேறு வயலுடையது,
அடைத்திருந்தது அதே பாதி ரோடு.
அரிசி ஆலை லாரி. ஓட்டியவன் ராம்பிரவேஷ்,
நெற்றியில் பஞ்சு ஒட்டி மதகில் உட்கார்ந்திருந்தான்.
நான் வாய் திறக்குமுன் மைதீன் சொன்னார்:
"இவனுவ இப்படித்தான் சார்."
எல்லாரும் தலையாட்டினார்கள்.
நெல்லைப் பற்றி மூச்சில்லை.
ராத்திரி எங்கே படுத்தான்,
அவன் ஊரில் யாருக்குத் தலைப்பிரசவம்,
எந்த மச்சினனோடு பேச்சில்லை?
அவன் பாஷையில் எனக்குத் தெரிந்தது மூன்று சொல்:
பேர், லைசென்ஸ், கையெழுத்து.

அன்றுதான் முதல்முறையாக
சாட்சி சொன்னதும் நான் எழுதியதும்
கட்டத்தின் அளவும்
கச்சிதமாகப் பொருந்தின.
பேனாவை மூடும்போது கொஞ்சம் சந்தோஷம்கூட.

திரும்புகையில், கோபாலசமுத்திரம் விலக்கு பக்கம்
பைக் சறுக்கி முட்டி தேய்ந்தது.
எப்படி ஆச்சு என்றாள் வடிவு.
லாரி சிந்திய மணல்,
எதிர்வெயில், மேனேஜர் போன்,
டயர் மாற்ற முடியாமல்போன தீபாவளி மாதம்
என்று சொல்லிக்கொண்டே போனேன்.
சோறு ஆறிவிட்டது.

மஞ்சள் குழைத்தபடி அவள் கேட்டாள்:
"அந்த வடக்கத்திப் பையனுக்கு
அடி பலமா?"

பஞ்சு ஒட்டியிருந்தது என்றேன்.
பஞ்சுக்குக் கீழே
பார்க்கவில்லை.