நான்கு பென்னி

கல்லூரிச் சமையற்கட்டின் கடன் பேரேட்டில்
1671, பிப்ரவரிப் பக்கம்:
"ஆம்ப்ரோஸ் திர்க்கெல். பந்தடித்து உடைத்த
ஜன்னல் கண்ணாடி. நான்கு பென்னி.
வரவில்லை."
வராதது பணமா, ஆளா
எழுதியவர் சொல்லவில்லை.

அந்த அறைதான் இப்போது தாம்சினுக்கு.
மூன்றாம் மாடி. வடக்குப் பார்த்தது.
கண்ணாடி எத்தனை தடவை மாறியதோ,
சட்டம் மட்டும் இன்னும் கோணல்.
வெப்ப இயக்கவியல் தேர்வுக்கு முந்தைய இரவு
காலுறையைச் சுருட்டி இடுக்கில் திணித்தாள்.
வெப்பம் எந்தப் பக்கம் ஓடும் என்பது
புத்தகத்தைத் திறக்காமலே தெரிந்தது.

தேர்வு முடிந்த கையோடு
பொருளாளர் அலுவலகத்தில் போய் நின்றாள்.
"ஒரு பழைய பாக்கி கட்டணும்."
மிஸஸ் ஓல்ட்ராய்ட் கணினியில் தேடினார்.
திர்க்கெல் என்று யாரும் இல்லை.
மாணவர் எண் கேட்டார்.
பிறந்த தேதி கேட்டார்.
ரொக்கம் வாங்குவதை நிறுத்தி
ஆறு வருஷமாம்.
அட்டை என்றால்
ஒரு பவுண்டாவது ஆகவேண்டுமாம்.

மாடியேறி வந்து,
நான்கு காசையும் ஒன்றன்மேல் ஒன்றாய்
காலுறை இருந்த இடத்தில்
ஆப்பாக இறுக்கினாள்.
காற்று கொஞ்சம் அடங்கியது.

கீழே முற்றத்தில்
யாரோ பந்தடிக்கிறார்கள்.